புதுப்பிப்பு: திருப்பூர் பனியன் கம்பெனி ஸ்டாக் நிரலில் டெட்லாக், தீர்ந்தது

இந்த நிரலில் வந்த பிழைக்கு முன்பு வழி கேட்டிருந்தேன்; யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க. நூல் இருப்பும் சாயக் கணக்கும் ஒரே நேரத்தில் பதிவானால் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் 1213 பிழை வந்தது, அதுதான் சிக்கல். இதுதான் டெட்லாக்: இரண்டு வேலைகள் ஒன்றின் பூட்டுக்கு மற்றொன்று காத்து முடங்கிப்போவது.

நிரலின் ஒரு பதிவுத் திரை நூல் பதிவைப் பூட்டிக்கொண்டு சாயப் பதிவுக்குக் காத்திருந்தது. மற்றது நேர் எதிர். இரண்டிலும் நூல் முதலில், சாயம் அப்புறம் என்று பூட்டும் வரிசையை ஒன்றாக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. காத்திருப்பு நேரத்தைக் கூட்டியது உதவவில்லை. ஏனென்றால் டெட்லாக் தெரிந்ததுமே மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி ஒரு பரிவர்த்தனையை (ஒரே தொகுப்பாக நடக்கும் பதிவு வேலையை) ரத்து செய்துவிடுகிறது.

எதிர்பாராதது ஒன்று: அதன் பிறகும் எப்போதாவது பிழை வந்தது. லாட் (சரக்குத் தொகுதி) எண்ணுக்கு இண்டெக்ஸ் (பதிவை நேராகத் தேடி எடுக்க உதவும் பட்டியல்) இல்லை. அதனால் ஒரே லாட்டைத் திருத்தினாலும் தேடும் வழியில் படித்த பதிவுகள் அத்தனையும் பூட்டிக்கொண்டன. இண்டெக்ஸ் போட்டதும் நின்றுவிட்டது.