புதுப்பிப்பு: டாகர்ஹார்ட்டில் சண்டை எப்படி ஓடுது?

டாகர்ஹார்ட் எண்டது மேசையைச் சுற்றி இருந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை சொல்லிப் பகடை உருட்டி விளையாடுற விளையாட்டு. முதல் பதிவில் அதின்ரை பகடை முறையை மட்டும் சொல்லியிருந்தேன். ‘ஆர் முந்தி எண்ட ஒழுங்கே இல்லாமல் சண்டை எப்படிச் சரிவரும்?’ எண்டு கனபேர் கேட்டிருந்தியள்.

சரிவருது. 12 முகப் பகடை இரண்டு. ஒண்டு நம்பிக்கை, மற்றது அச்சம். கூட்டுத்தொகை வெற்றியைத் தீர்மானிக்கும். தோற்றாலோ, அச்சப் பகடை பெரிசாக விழுந்தாலோ முறை கதை நடத்துறவரிட்டை (எதிரிகளை ஆட்டுறவர்) போகும். அச்சம் மிஞ்சுற வாய்ப்பு 144இல் 66, அதாலை எதிரிகள் சும்மா நிக்கமாட்டினம்.

சிக்கல் என்னெண்டால், வாய்காரர் தொடர்ந்து விளையாட அமைதியானவை ஒதுங்கிப் போவினம். விதி நூலிலேயே இதுக்கு விருப்ப விதி இருக்கு: ஆளுக்கு 3 டோக்கன், ஒவ்வொரு முறைக்கும் ஒண்டு கழியும், எல்லாருக்கும் முடிஞ்ச பிறகுதான் திருப்பி நிரப்பலாம். புது ஆக்களோடை கட்டாயம் வையுங்கோ.

ஆக்கள் கூடப் பிழை விடுறது காயக் கணக்கிலை. ஒரு பாத்திரத்தின்ரை காய வரம்பு 7/14 எண்டால் (7க்குக் கீழை 1 உயிர்ப்புள்ளி போகும், 7இலை இருந்து 2, 14இலை இருந்து 3), 9 சேதத்துக்கு உயிர்ப்புள்ளி 9 போகாது, 2தான். கவசத்தில் ஒரு கட்டத்தைக் குறிச்சால் 1. வரம்பைப் பார்த்த பிறகுதான் கவசம். சேதத்திலை இருந்து கழிக்கக் கூடாது.

யாழ்ப்பாணத்திலை 12 முகப் பகடை தேடி அலையாமல் கைபேசிச் செயலியிலை இரண்டு நிறத்திலை உருட்டலாம். பகடையாலை சேருற புள்ளியளை எண்ண, கதை நடத்துறவரின்ரை அச்சத்துக்கு 12 புளியங்கொட்டை, நம்பிக்கைக்கு ஆளுக்கு 6 மஞ்சாடி. உச்ச அளவும் அதுதான்.