ஏற்றத்தில் மட்டும் இழுவை குறையும் பழைய லாரி: பம்பைக் கழற்றத்தான் வேண்டுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2006இல் பதிவான ஆறு சிலிண்டர் டர்போ லாரி ஒன்று இருக்கிறது. எஞ்சினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் இன்லைன் பம்ப் பொருத்தியது. எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. நாமக்கல்லிலிருந்து சேலம், தருமபுரி வழியாகப் பெங்களூருக்குப் பாரம் ஏற்றிச் செல்கிறேன். சமதளச் சாலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தொப்பூர் ஏற்றத்தில் பாரத்துடன் ஏறும்போது மட்டும், அதுவும் சில நாள்களில் மட்டும், ஆக்சிலரேட்டரை முழுவதுமாக மிதித்தாலும் எஞ்சின் மெல்லத் தளர்ந்து, கியரைக் குறைத்துக்கொண்டே போக வேண்டியதாகிறது. ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துக் கிளப்பினால் எந்தத் தடையும் இல்லாமல் ஏறிவிடுகிறது. டீசல் ஃபில்டர்கள் இரண்டையும் ஏர் ஃபில்டரையும் மாற்றியாகிவிட்டது. எஞ்சின் சூடு ஏறவில்லை. பட்டறையில் பம்பையும் டீசலைத் தெளிக்கும் நாசில்களையும் கழற்றி, டீசல் அளவைச் சோதித்துச் சரிசெய்யும் காலிபரேஷனுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். அவ்வளவு செலவில் இறங்குவதற்கு முன் வேறு எவற்றைப் பார்க்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

வணக்கம். இப்போதைக்குப் பம்பைத் தொடாதீர்கள். எலிமென்ட், அதாவது டீசலை அழுத்தித் தள்ளும் உள்பாகம், தேய்ந்த பம்ப் பெரும்பாலும் எல்லா நாளும் ஒரே மாதிரிதான் இழுக்கும்; பத்து நிமிட ஓய்வில் அது குணமாவதில்லை.

முதலில் புகையைக் கவனியுங்கள். இழுவை குறையும் நேரத்தில் கரும்புகை தள்ளினால் எஞ்சினுக்குக் காற்று போதவில்லை. டர்போவையும், டர்போ தரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ்களையும் பார்க்க வேண்டும். புகையே இல்லாமல் வண்டி தளர்ந்தால் டீசல் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் சொல்வதைப் படித்தால் எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது.

டேங்கிலிருந்து, டீசலை இழுத்து மெயின் பம்புக்குக் கொடுக்கும் சிறிய ஃபீட் பம்ப் வரை உள்ள பாதை முழுவதும் உறிஞ்சும் பக்கம். அங்கே ஒரு செம்பு வாஷர் சரியாக உட்காராவிட்டாலும் டீசல் வெளியே சொட்டாமல் காற்று உள்ளே போய்விடும் என்பதால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தெரியும். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் உங்கள் வண்டியில் வருவது போன்ற குறைதான் வரும். அடுத்த முறை வண்டி தளர்ந்ததும் ஓரமாக நிறுத்தி, உடனே மூடியைத் திறந்து பாருங்கள். காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது.

சத்தம் இல்லையென்றால் டேங்குக்குள் உறிஞ்சு குழாயில் இருக்கும் வடிகட்டி வலையான ஸ்ட்ரெய்னரைச் சந்தேகிப்பேன். இத்தனை வருடம் ஓடிய டேங்கில் துருவும் தண்ணீரும் கசடும் சேராமல் இருக்காது. முழு உறிஞ்சலில் அந்தக் கசடு வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். எஞ்சினை நிறுத்தியதும் உதிர்ந்து அடியில் படியும். நீங்கள் சொல்லும் பத்து நிமிடத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. சோதிக்க வழி எளிது. சுத்தமான டீசல் நிரப்பிய கேன் ஒன்றை சேஸில் சைலன்சருக்கு எட்டாத இடத்தில் இறுகக் கட்டி, உறிஞ்சும் குழாயையும் ரிட்டர்ன் குழாயையும் அதில் விட்டு, அதே ஏற்றத்தில் அதே பாரத்துடன் ஓட்டிப் பாருங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஒரு திருத்தம் மட்டும் அவசியம். கேனை ஃபீட் பம்புக்கு மேலான உயரத்தில் கட்டாதீர்கள். உயரத்திலிருந்து டீசல் தானாக இறங்கினால் ஃபீட் பம்பின் பலவீனம் மறைந்துவிடும். டேங்க்தான் குற்றவாளி என்று தவறாக முடிவு செய்துவிடுவோம். டேங்க் இருக்கும் மட்டத்திலேயே கேனும் இருக்கட்டும். ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு டீசலைத் தாங்கும், உள்ளே ஓடுவது தெரியும் கண்ணாடி போன்ற ஹோஸ் போட்டால் குமிழி ஓடுகிறதா என்பதையும் கண்ணாலேயே பார்க்கலாம்.

புகையை வைத்து முடிவு செய்வதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் பம்பில் டர்போ அழுத்தத்துக்கு ஏற்ப டீசலைக் கூட்டும் டயாஃப்ரம் இருந்தால், மேனிஃபோல்டிலிருந்து அதற்குச் செல்லும் சிறு குழாய் வெடித்திருந்தாலும் புகை இல்லாமல் இழுவை குறையும். அந்தக் குழாயை விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு வளைக்கும்போதுதான் வாய் திறக்கும்.

புகை வெளியேறும் வழியை மறித்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கின் வால்வு முழுவதும் திறக்காமல் சிக்கிக்கொள்வதும் பழைய வண்டிகளில் சாதாரணமாக நடப்பதுதான். வண்டி தளர்ந்து நின்றதும் சக்கர ஹப்களில் ஏதாவது ஒன்று மற்றவற்றைவிடக் கொதிக்கிறதா என்று கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். சக்கர பிரேக் பிடித்துக்கொண்டு ஓடும் வண்டியில் எஞ்சினைப் பழி சொல்லிப் பயனில்லை.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சொன்னபடியே செய்து பார்த்தேன். வண்டி தளர்ந்த நேரத்தில் கரும்புகை இல்லை. மூடியைத் திறந்தபோது சத்தமும் இல்லை. ஹப்கள் ஒரே சூட்டில் இருந்தன. எக்ஸாஸ்ட் பிரேக் வால்வு தடையின்றி அசைகிறது. டயாஃப்ரத்துக்குச் செல்லும் குழாயிலும் வெடிப்பு இல்லை. டேங்க் மட்டத்தில் கேன் கட்டி ஓட்டியபோது தொப்பூரில் எங்குமே தளரவில்லை. கண்ணாடி ஹோஸில் குமிழியும் வரவில்லை. அதன்பின் டேங்கின் உறிஞ்சு குழாயை வெளியே எடுத்தால், ஸ்ட்ரெய்னர் வலையின் பாதிக்கு மேல் கறுப்பாக, வழுவழுப்பான ஒரு படலம் ஒட்டியிருந்தது. விரலால் வழித்தால் இடையிடையே துருச் செதில்கள் வருகின்றன. டேங்கின் அடிமூலையிலும் துரு தெரிகிறது. ஓரிடத்தில் தகடு மெலிந்திருக்கிறது. கழுவிவிட்டு அந்த இடத்தில் வெல்டிங் வைத்துக்கொள்ளலாமா?

மறுமொழி 1

கழுவியதாக நினைக்கும் டேங்கிலும் மடிப்புகளில் டீசல் ஆவி தங்கியிருக்கும். வெல்டிங் தீ பட்டால் டேங்க் வெடித்து ஆளைக் கொன்றுவிடும். ஆவி முழுவதையும் நீக்கிச் செய்யத் தெரிந்த பட்டறையைத் தவிர வேறு யாரிடமும் அந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். உள்ளே துரு செதிலாக உரியும் டேங்கை ஒட்டவைப்பதைவிட மாற்றுவதே நல்லது. பம்ப் வேலைக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியே அதற்குப் போதும்.

கறுப்புப் படலம், தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் வளரும் நுண்ணுயிர்க் கசடு. ஆகவே டேங்கை மாற்றினாலும் குழாய்களையும் ஃபீட் பம்பின் சல்லடையையும் கழுவாவிட்டால் அது திரும்ப வரும். ஃபில்டர்களை மறுபடியும் மாற்றிவிடுங்கள். வாட்டர் செப்பரேட்டர் இருந்தால் வாரம் ஒருமுறை அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். மழைக்காலத்தில் அரை டேங்கோடு நாள்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள். எல்லாம் பூட்டியபின் ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையில் ஒரு பிரஷர் கேஜ் வைத்து முழுப் பாரத்தில் பாருங்கள். இந்த வகைப் பம்புகளில் பொதுவாக 1 முதல் 1.5 பார் வரை அழுத்தம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் ஃபீட் பம்பையும், மிகுதி டீசலைத் திருப்பி அனுப்பும் ஓவர்ஃப்ளோ வால்வையும் பாருங்கள். அப்போதும் காலிபரேஷனுக்கு அவசரம் இல்லை.