'முதற்பெயர்' வேண்டாம், 'இடுபெயர்' எப்படி?

எல்லோருக்கும் வணக்கம்.

நாங்கள் மொழிபெயர்க்கும் படிவத்தில் 'கிவன் நேம்' (given name, ஆளுக்கு வைத்த பெயர்) என்ற கட்டத்துக்கு 'முதற்பெயர்' போதும் என்று தம்பி எழுதியிருந்தார். எங்கள் பெயர்களில் முன்னுக்கு நிற்பது அப்பாவின் பெயர் அல்லவா? போன மாதம் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கவுண்டரில் "மிஸ்டர் பொன்னம்பலம்" என்று மூன்று தரம் கூப்பிட்டார்கள், பக்கத்தில் இருந்த அம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். அப்பா போய் ஆறு வருஷம். கூப்பிட்டது என்னை.

அந்தப் பெயரையே எடுத்துப் பாருங்கள். பொன்னம்பலம் என்றால் தில்லையில் கூத்தன் ஆடும் பொன் வேய்ந்த சபை. சிதம்பரம், அருணாசலம் போல இடத்தின் பெயர் ஆளுக்கு ஏறியது. (குட்டு அம்பலமாவதும் இதே அம்பலம்தான், அதை விடுங்கள்.) கொழும்பு கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கட்டுவித்த பொன்னம்பல முதலியாருக்கு அது வைத்த பெயர். அவருடைய மகன்கள் சேர் பொன்னம்பலம் இராமநாதன் (1851–1930), சேர் பொன்னம்பலம் அருணாசலம் (1853–1924) இருவருக்கும் முன்னுக்கு நிற்பது தகப்பன் பெயர். முதலியாரின் தகப்பனும் ஓர் அருணாசலம்தான், ஆக பாட்டன் பெயர் பேரனுக்கு வந்திருக்கிறது. பேரன் என்ற சொல்லே பெயரன்தானே. அப்புறம் 1944இல் இலங்கையில் தமிழ்க் காங்கிரஸ் கட்சியைத் தொடங்கிய ஜீ.ஜீ. பொன்னம்பலம்: கடைசியில் நின்றாலும் அவருக்கு வைத்த பெயர் அதுதான், ஆனால் மகன் குமார் பொன்னம்பலத்துக்கும் பேரன் கஜேந்திரகுமாருக்கும் அதே கடைசி இடத்தில் அது குடும்பப் பெயராகிவிட்டது.

ஆகவே முதல், கடைசி என்று நிற்கும் இடத்தை வைத்துச் சொல் செய்தால் மாட்டிக்கொள்வோம். 'இயற்பெயர்' என்றால் புனைபெயர் எது என்று கேட்பார்கள். வீட்டில் "வைச்ச பேர்" என்கிறோமே, அதையே கொஞ்சம் இறுக்கி 'இடுபெயர்' என்று வைக்கலாம். நன்னூல் படித்தவர்களுக்கு இடுகுறிப்பெயர் ஞாபகம் வந்து குழம்பும் என்று ஐயா சொல்வார், தெரியும்; ஆனால் இலக்கண வகுப்பில் மரம், மண் என்று படித்த அந்தச் சொல் படிவத்துக்குள் வரப்போவதில்லை.

தகப்பன் பெயருக்குத் தனிக் கட்டம் கட்டாயம் வேண்டும். அதற்குப் புதுச்சொல் தேடாதீர்கள், 'தந்தை பெயர்' நன்றாகவே இருக்கிறது.

மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை மொழிபெயர்ப்பை அனுப்ப வேண்டும்.