பாஸ் மீனுக்கு ஒரே ஒரு ராட், கொஞ்சம் லூர்: எதை வாங்குவது?

கரையோரம்:
வணக்கம். புழு கோத்து, தக்கை போட்டு மீன் பிடித்துப் பழக்கம் உண்டு. லூர் எனும் செயற்கை இரை பக்கம் இதுவரை போனதில்லை. இப்போது லார்ஜ்மவுத் பாஸ் பிடிக்க வேண்டும் என்று ஆசை. படகு கிடையாது, கரையில் நின்றுதான் எறிய வேண்டும். நான் போகும் ஏரியில் ஒரு பக்கம் முழுக்கப் பாசியும் அல்லி இலையும். எதிர்ப்பக்கம் கல் கொட்டிய கரை. தண்ணீர் பெரும்பாலும் கலங்கல்தான்.

தூண்டில் ராடில் மீடியம், மீடியம் ஹெவி, ஃபாஸ்ட், மாடரேட் என்று என்னென்னவோ எழுதியிருக்கிறது. படித்தால் தலை சுற்றுகிறது. ராடுக்குக் கீழே தொங்கும் ஸ்பின்னிங் ரீலா, மேலே உட்காரும் பெய்ட்காஸ்டரா? நூறு லூர் அடங்கிய பெட்டி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, அதை வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்ததா? ஒரே ஒரு செட்தான் வாங்க முடியும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய நரம்பு:
முதலில் அந்த நூறு லூர் பெட்டியை மறந்துவிடுங்கள். அதில் பாதி, மனிதர்களைப் பிடிப்பதற்காகச் செய்தவை. மீதிப் பாதியில் முள் மொக்கையாக இருக்கும். முள் முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகத்தில் பற்றி நின்றால் கூர் இருக்கிறது. வழுக்கிக்கொண்டு ஓடினால் அது மீன் வாயிலும் அப்படித்தான் ஓடும். பாஸுக்கு வாய் பெரிது, அந்த வாயோரம் எலும்பும் தடிப்பு. மொக்கை முள் அங்கே ஏறாது.

இப்போது ராட். பவர் என்றால் ராடை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது. ஆக்ஷன் என்றால் அது எந்த இடத்தில் வளைகிறது என்பது. ஃபாஸ்ட் ராடில் நுனிப்பக்கம் மட்டும் வளையும், மாடரேட்டில் நடுவரைக்கும் வளையும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் தலை சுற்றுகிறது. ஒற்றை முள் போட்ட ரப்பர் புழுவுக்கு ஃபாஸ்ட் வேண்டும், ஏனென்றால் சுண்டும்போது முள் அந்தப் புழுவையும் கிழித்துக்கொண்டு தாடையில் ஏற வேண்டும். மூன்று கொக்கி ட்ரெபிள் முள் தொங்கும் கிராங்க்பெய்ட்டுக்கு (இழுத்தால் முங்கி ஆடிவரும் மீன் வடிவ லூர்) அந்த முரட்டுத்தனம் ஆகாது. சின்ன முட்கள், வாய் ஓரத்தில்தான் பிடித்திருக்கும். மாடரேட் ராட் கூடவே வளைந்து கொடுத்து, பிய்ந்து போகாமல் பார்த்துக்கொள்ளும்.

ஒரே செட் என்கிறீர்கள். அப்படியானால் 7 அடி, மீடியம், ஃபாஸ்ட், ஸ்பின்னிங் ராட். லூர் எடை 7 முதல் 17 கிராம் வரை என்று அதில் எழுதியிருந்தால் சரி. ரீல் 2500 அளவு. ஸ்பூலின் (நரம்பு சுற்றும் உருளை) அடியில் முதலில் கொஞ்சம் சாதா நைலான் நரம்பைச் சுற்றுங்கள். வெறும் ஸ்பூலில் பிரெய்டு (இழைகளைப் பின்னிய நரம்பு) பிடிக்காது, மொத்தமாக வழுக்கிச் சுழலும், நீங்கள் டிராக் (இழுப்பு மிஞ்சினால் நரம்பை நழுவ விடும் பிரேக்) கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அதன் மேல் 15 பவுண்டு தாங்கும் பிரெய்டு. நுனியில் ஒரு கை நீளத்துக்கு 10 பவுண்டு ஃப்ளோரோகார்பன் லீடர் (லூரைக் கட்டும் நுனித் துண்டு நரம்பு), இரண்டையும் டபுள் யூனி முடிச்சால் இணையுங்கள். பிரெய்டு நீளாது, அதனால் மீன் தொட்டாலே கைக்குத் தெரியும். மிதக்கவும் செய்யும். ஃப்ளோரோகார்பன் மூழ்கும், கல்லில் உரசினாலும் பிரெய்டைவிடத் தாங்கும். ஸ்பூலை விளிம்பு வரை நிரப்ப வேண்டாம், இரண்டு மில்லிமீட்டர் விட்டுவிடுங்கள். எறிந்ததும் பெயிலை (ரீலில் நரம்பைப் பிடிக்கும் கம்பி வளையம்) கையால் மூடுங்கள். கைப்பிடியைச் சுற்றி மூடுகிற பழக்கம்தான் பாதிச் சிக்குக்குக் காரணம்.

லூர் மூன்று போதும். பாசிப் பக்கத்துக்கு டெக்சாஸ் ரிக்: 5 இன்ச் ரப்பர் புழு, 3/0 ஆஃப்செட் முள் (நரம்பு கட்டும் கண்ணருகே மடிப்பு உள்ளது), 5 கிராம் புல்லட் ஈயம். டங்ஸ்டன் கிடைத்தால் இன்னும் நல்லது. ஈயத்தைவிட அடர்த்தி அதிகம் என்பதால் அதே எடைக்குக் குண்டு சிறிதாக இருக்கும், பாசிக்குள் நுழைந்துவிடும். கல் கரைக்கு, தண்ணீரில் ஒரு மீட்டர் ஆழம் போகிற சதுர மூக்கு கிராங்க்பெய்ட். அதற்கு ஃபாஸ்ட் ராட் அவ்வளவு தோதில்லை, ஒரே ராட் என்றால் இழுப்பைக் கொஞ்சம் மென்மையாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கல்லில் மோத விடுங்கள், பயப்படாதீர்கள். மோதி விலகுகிற அந்த நொடியில்தான் கடி விழும். மூன்றாவது, கலங்கல் தண்ணீருக்கு 10 கிராம் ஸ்பின்னர்பெய்ட் (கம்பியில் தகடு சுழலும் லூர்), கொலராடோ தகடு உள்ளது. வட்டமான தகடு, அதிர்வு கனமாக வரும். கண் தெரியாத தண்ணீரில் பாஸ் தன் பக்கவாட்டுக் கோட்டால் (உடம்போரம் உள்ள உணர்வு உறுப்பு) அந்த அதிர்வை உணர்ந்து வரும். வில்லோ தகடு ஒல்லி, மினுக்கு அதிகம், அதிர்வு குறைவு. அது தெளிந்த தண்ணீருக்கு.

சுழல்தகடு:
நரம்பு அண்ணன் சொன்னதில் ஒன்றை மட்டும் ஏற்க மாட்டேன். அல்லி இலை என்று சொன்ன பிறகு மீடியம் ஸ்பின்னிங் ராடா? இலைக்கு மேல் ரப்பர் தவளை போடாமல் பாஸ் பிடிப்பதில் என்ன சுகம்! அதற்கு 7 அடி ஹெவி ராட், பெய்ட்காஸ்டர், 50 பவுண்டுக்குக் குறையாத பிரெய்டு வேண்டும். மீன் கடித்ததும் வேருக்குள் தலையை விட்டுவிடும். ஒரு பந்து பாசியோடு சேர்த்துத்தான் இழுத்துக் கரை ஏற்ற வேண்டும். கியர் 7:1 பக்கம் (கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் ஏழு சுற்று) இருந்தால் தொய்வைச் சீக்கிரம் சுற்றி எடுக்கலாம்.

இன்னொன்று, தவளையை மீன் அடித்ததும் உடனே சுண்டாதீர்கள். தண்ணீர் தெறிப்பதைப் பார்த்துக் கை தானாகத் துள்ளும். நரம்பு கனக்கிற வரைக்கும் பொறுங்கள், அப்புறம் முழு பலத்தோடு.

பழைய நரம்பு:
தவளை சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் கேட்டவர் முதல் செட் கேட்கிறார். ஹெவி ராடில் 5 கிராம் ஈயத்தை எறியச் சொன்னால் பாதி தூரம் போகாது. பெய்ட்காஸ்டரில் ஸ்பூலைக் கட்டைவிரலால் அடக்கப் பழகும் வரை கூடு கட்டிய நரம்பைப் பிரிப்பதிலேயே சாயங்காலம் போய்விடும். தவளை அவருடைய இரண்டாவது செட்டாக இருக்கட்டும்.

கரையோரம்:
மிக்க நன்றி. நரம்பு அண்ணன் சொன்னபடியே வாங்கிவிட்டேன். இரண்டு சந்தேகம். புழுவைச் சுற்றி இழுத்தால் அது பம்பரம்போலச் சுழல்கிறது, நரம்பும் முறுக்கிக்கொள்கிறது. அப்புறம், பாசி தட்டுவதற்கும் மீன் தட்டுவதற்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஏதாவது அடையாளம் உண்டா? நிறமும் சொல்லுங்கள், பாக்கெட்டைப் பார்த்தால் வானவில் மாதிரி இருக்கிறது.

பழைய நரம்பு:
புழு சுழல்கிறது என்றால் முள்ளில் கோணலாக ஏறியிருக்கிறது. இப்படிச் செய்யுங்கள். முள் முனையைப் புழுவின் தலைக்குள் நேராக அரை சென்டிமீட்டர் குத்தி, பக்கவாட்டில் வெளியே எடுங்கள். முள்ளை இழுத்துக்கொண்டே போய், முள்ளின் கண்ணுக்கு அருகே உள்ள மடிப்பு தலைக்குள் பதியும் வரை கொண்டுவாருங்கள். இப்போது முள்ளைத் திருப்பி, புழு தன்பாட்டில் தொங்கட்டும். முள்ளின் வளைவு புழுவின் உடம்பில் எந்த இடத்துக்கு வருகிறதோ, அந்த இடத்தை நகத்தால் அழுத்திக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கேதான் குத்த வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் தள்ளிக் குத்தினாலும் புழு கூன் போட்டுவிடும், அந்தக் கூன்தான் சுழற்றுகிறது. நேராக ஏற்றிய பிறகு, முனையை மேல்தோலில் மட்டும் லேசாகச் செருகிவிடுங்கள். பாசி ஒட்டாது, சுண்டினால் உடனே வெளியே வரும்.

அடுத்தது, டெக்சாஸ் ரிக்கை ரீலால் இழுக்காதீர்கள். ராட் நுனியைத் தூக்கினால் புழு நகரும், தாழ்த்தினால் விழும், தொய்வை மட்டும் ரீலால் எடுங்கள். பெரும்பாலான கடி புழு கீழே இறங்கும்போதுதான் வரும், அதனால் விழுகிற நேரத்தில் நரம்பு தண்ணீரைத் தொடும் இடத்தைப் பாருங்கள். பாசி இழுத்தால் கனம் மெதுவாக ஏறும், நீங்கள் இழுத்தால் அதுவும் ரப்பர் மாதிரி இழுபடும். மீன் என்றால் டக்கென்று ஒரு தட்டு, அல்லது நரம்பு காரணமே இல்லாமல் பக்கவாட்டில் நகரும். சில சமயம் தரை தட்டுவதற்கு முன்பே நரம்பு தளர்ந்துவிடும். அதுவும் மீன்தான், வாயில் வாங்கிக்கொண்டு உங்கள் பக்கமாக வருகிறது. சந்தேகம் வந்தால் சுண்டிவிடுங்கள், அதற்குக் காசு கேட்பதில்லை.

முள்முனை:
நிறத்துக்கு நான் பதில் சொல்கிறேன். லார்ஜ்மவுத் பாஸின் கண்ணில் நிறம் உணரும் கூம்பு செல்கள் இரண்டே வகை, ஒன்று சிவப்புக்கு, ஒன்று பச்சைக்கு. ஆய்வுத் தொட்டியில் வைத்துப் பார்த்தபோது சிவப்பையும் பச்சையையும் நன்றாகப் பிரித்தறிந்தன. கறுப்பையும் கருநீலத்தையும், வெள்ளையையும் பளிச்சென்ற மஞ்சள் பச்சையையும் குழப்பிக்கொண்டன. அதனால் வானவில் பாக்கெட்டெல்லாம் உங்களுக்காக, மீனுக்காக இல்லை. கலங்கலுக்குக் கறுப்பு நீலப் புழு, தெளிவுக்கு கிரீன் பம்ப்கின் எனும் பழுப்புப் பச்சை. ஸ்பின்னர்பெய்ட்டின் பாவாடை (முள்ளை மூடும் ரப்பர் இழைகள்) வெள்ளையில் இருக்கட்டும். நான் வேறு நிறம் வாங்குவதை நிறுத்தி வெகு காலமாகிறது.

தண்ணீர் குளிரும்போது நிறத்தை மாற்றுவதற்கு முன்னால் வேகத்தை மாற்றுங்கள். பாஸின் உடல்சூடு தண்ணீரோடு ஏறி இறங்கும், குளிரில் செரிமானமும் மந்தம். துரத்தி வந்து கடிக்காது, மூக்கு முன்னால் கிடந்தால் கடிக்கும்.

கரையோரம்:
நேராகக் குத்தியதும் சுழல்வது நின்றுவிட்டது! டிராக் எவ்வளவு இறுக்கம் வைக்க வேண்டும்? மிச்சப் புழுக்களை எல்லாம் ஒரே டப்பாவில் கொட்டி வைக்கலாமா?

பழைய நரம்பு:
டிராக் லீடரின் பலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை. 10 பவுண்டுக்கு மூன்று பவுண்டு இழுப்பில் நரம்பு நழுவ வேண்டும். சுருள் தராசு இருந்தால் கொக்கியில் மாட்டி இழுத்துப் பாருங்கள்.

டப்பா விஷயத்தில் கவனம். சாதாப் புழுவையும், நன்றாக நீண்டு கொடுத்து மிதக்கிற அந்த எலாஸ்டெக் வகையையும் ஒன்றாகப் போட்டால் இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். ரப்பர் புழு பட்டால் கிராங்க்பெய்ட்டின் பெயின்டும் கொழகொழவென்று ஆகிவிடும். வந்த பாக்கெட்டிலேயே வைத்திருங்கள், கிராங்க்பெய்ட்டைத் தனியாக வையுங்கள்.