நுள்ளுவெட்டு: மடக்குக் கத்தியின் திறப்பு மாற்றத்துக்கு ஒரு சொல்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

மடக்குக் கத்தியின் பிடியில் அரைவட்டமாக வெட்டி, அலகை விரலால் பிடித்துத் திறக்க வழி செய்யும் மாற்றத்துக்குத் தமிழில் ஒரு சொல் கேட்டிருந்தீர்கள். இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: ஒற்றைக்கைத் திறப்பு, எளிதிறப்பு, கிள்ளுவாய். மூன்றும் எனக்கு ஒப்பவில்லை. குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் நாற்றங்காலில் வேலை செய்பவன் நான். இந்த வெட்டு எங்கள் கைக்கு ஏன் தேவைப்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல் அதிலிருந்துதான் பிறக்க வேண்டும்.

ரப்பர் தையில், அதாவது இளங்கன்றில், மொட்டு ஒட்ட நாங்கள் எடுப்பது மடக்குக் கத்தி. குமரி மாவட்டத்தில் சிறு கத்தி எதுவானாலும் பிச்சாத்திதான். ஆகவே இது மடக்குப் பிச்சாத்தி. தண்டின் பட்டையில் நெடுக்காக இரண்டு கீறல், குறுக்கே ஒன்று. கீறியவுடன் பால் கசியும். அது வடிந்து நின்ற பிறகு துடைத்துவிட்டு, பட்டையை மெல்ல உரித்து, மொட்டுக் கண் உள்ள பட்டைத் துண்டை உள்ளே பொருத்தி, பாலித்தீன் நாடாவால் இறுகச் சுற்றுவோம். அதற்குள் விரல்களெல்லாம் பாலாகிவிடும். அடுத்த வரிசைக்குப் போகும்போது மடக்கிப் பையில் போட்ட கத்தியை மறுபடி திறக்கப் பார்த்தால், அலகின் மேலோரத்தில் நகம் மாட்டித் திறக்க இருக்கும் நகக்கீற்றில் பால் உறைந்து அடைத்திருக்கும். நகம் வழுக்கும். முதுகுவில் (பிடியின் முதுகில் இருந்து அலகை அழுத்திப் பிடிக்கும் வில்) இறுக்கமான கத்தியாக இருந்தால் நகமே பிய்ந்துவிடும். இதற்காகத்தான் கொல்லப் பட்டறையில் கொடுத்துப் பிடியை வெட்டி வாங்குகிறோம்.

வெட்டும் விதத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் விளக்கத்தில் இது சரியாக வர வேண்டும். கத்தியை மடக்கியபடியே வைத்து, நகக்கீற்றுக்கு நேராகப் பிடியின் இரு பக்கமும் கோடு போடுகிறார்கள். வெளி மரத்தையும் உள்ளே இருக்கும் பித்தளைத் தகட்டையும் சேர்த்தே வட்ட அரத்தால் அராவ வேண்டும். மரத்தை மட்டும் அராவினால் தகட்டின் விளிம்பு விரலைக் கிழிக்கும். ஆழத்தில்தான் கவனம் வேண்டும். மடக்கிய நிலையில் அலகின் முதுகு வெளியே தெரியும், கூர்வாய் பிடிக்குள் கிடக்கும். வெட்டு அளவு மீறி ஆழமாக இறங்கினால் கூர்வாய் வெளிப்பட்டு, திறக்கப் போகும் விரலையே அறுத்துவிடும். முனைப் பக்கம் நகர்த்தி வெட்டினாலோ முனை வெளியே நீட்டிக்கொண்டு பையைக் குத்தும். இரண்டு விரல்களின் நுனி அலகின் இரு பக்கத்தையும் தொடும் அளவுக்கு இடம் கிடைத்தால் போதும், அரத்தை நிறுத்திவிடலாம்.

இனி சொற்களுக்கு வருகிறேன். ஒற்றைக்கைத் திறப்பு என்பது பொருளிலேயே பிழை. இந்த வெட்டு உள்ள கத்தியைத் திறக்க இரண்டு கையும் வேண்டும்: ஒரு கை பிடியைப் பற்றும், மறு கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் அலகைப் பற்றி வெளியே இழுக்கும். ஒற்றைக்கையில் திறப்பவை வேறு குடும்பம். அலகில் வட்டத் துளை உள்ளவை, பெருவிரல் குமிழ் உள்ளவை, பின்பக்கம் நீட்டிய முனையைச் சுண்டித் திறப்பவை எல்லாம் அதில் சேரும். வட்டத் துளையை அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம் 1981-இல் தன் கத்தியில் கொண்டுவந்தது. அந்த மாற்றங்களைச் செய்யப் பெரும்பாலும் அலகையே துளைக்கவோ வடிவம் மாற்றவோ வேண்டும். பதம் ஏற்றிய எஃகைத் துளைக்கும்போது சூடேறி நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விடும். நம்முடைய வெட்டு அலகைத் தொடுவதே இல்லை. இவ்வளவு தூரம் விலகி நிற்கும் இரண்டுக்கும் ஒரே பெயரா?

எளிதிறப்பு, ஆங்கில விலைப்பட்டியலில் வரும் ‘ஈஸி ஓப்பன்’ என்பதன் நிழல். திறப்பில் செய்யும் எந்த மாற்றமும் எளிதாக்கத்தான் செய்யப்படுகிறது. என்ன செய்தார்கள், எங்கே செய்தார்கள் என்று அந்தச் சொல் காட்டவில்லை.

கிள்ளுவாய் நெருங்கி வந்திருக்கிறது, முன்மொழிந்த மதுரை நண்பருக்கு என் நன்றி. ஆனால் வாக்கியத்துக்குள் வைத்துப் பாருங்கள்: ‘கத்தியில் கிள்ளுவாய்’. ‘நீ கிள்ளுவாய்’ என்ற வினைமுற்றாகத்தான் கண் முதலில் படிக்கும். தவிர, கீரை கிள்ளுவதும் வெற்றிலைக் காம்பு கிள்ளுவதும் நகத்தின் வேலை. நகத்தை விடுவிக்கச் செய்த மாற்றத்துக்கு நகத்தை நினைவூட்டும் சொல் எதற்கு?

எங்கள் பக்கம் நுள்ளு என்ற சொல் அன்றாடம் வாயில் புழங்குகிறது. மலையாளத்திலும் உண்டு, தமிழ் அகராதியிலும் உண்டு. ஒரு நுள்ளு உப்பு என்றால் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து எடுக்கும் அளவு. கத்தியைத் திறக்கும்போது கை செய்வதும் அதேதான். வெட்டு என்பது பால்வெட்டு (ரப்பர் மரத்தை வெட்டிப் பால் எடுப்பது) நடக்கும் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாத சொல். ஆகவே நுள்ளுவெட்டு. நுள்ளுவெட்டுப் பிச்சாத்தி என்று பட்டறையில் சொன்னால் கொல்லர் மறுகேள்வி கேட்காமல் அரத்தை எடுப்பார்.

வட்டாரச் சொல் என்று ஒதுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கலைச்சொல் என்றால் யாரும் பேசாத சொல்லாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம் பட்டியல்களைப் பாழாக்கியிருக்கிறது.

சில கத்திகளில், அலகைப் பூட்டும் தகட்டில் பதித்த சிறு குண்டு, அலகின் அடியில் உள்ள குழியில் போய் உட்கார்ந்து கத்தியை மூடிவைக்கும். இந்த அமைப்புக்கும் குழுவில் சொல் கேட்டிருந்தார்கள். குழிக்கு அமர்குழி போதும். குண்டைப் பட்டறைகளில் பால்ரஸ் குண்டு (பேரிங் குண்டு) என்றே சொல்வார்கள், அதையே வைத்துக்கொள்ளலாம். இது தனிப் பதிவாகட்டும். எங்கள் மடக்குப் பிச்சாத்தியில் குண்டும் இல்லை, பூட்டும் இல்லை. மூடியிருப்பதும் திறந்து நிற்பதும் முதுகுவில்லின் அழுத்தத்தால்தான். சுலபமாகத் திறக்கட்டும் என்று அந்த வில்லைத் தேய்த்து மெலிதாக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. வில் தளர்ந்தால் வேலைக்கு நடுவே அலகு விரல்மேல் மடங்கும். விளக்கத்தில் இதையும் சேர்க்க வேண்டும்.

பதிவுக்கு என் வரைவு:

நுள்ளுவெட்டு (பெயர்ச்சொல்): மடக்குக் கத்தியின் பிடியில், மடக்கிய அலகின் முதுகை இரு விரலால் பற்றித் திறப்பதற்காக இரு பக்கமும் அராவிய அரைவட்ட வெட்டு. அலகிலோ முதுகுவில்லிலோ மாற்றம் செய்வது இதில் அடங்காது.

முதுகுவில் என்பது நானே வைத்துக்கொண்ட பெயர். திருப்பாச்சி, திண்டுக்கல் பக்கத்துப் பட்டறைகளில் இதற்கு வழக்குச் சொல் இருந்தால் அங்குள்ளவர்கள் கேட்டு எழுதுங்கள், வரைவில் அதையே மாற்றிவிடுவோம்.