ஊரில் காசு ஓடுதா இல்லையா, எதைப் பார்த்துப் பிடிக்கிறீர்கள்?

கொக்குவில்வாசி:
பணவீக்கம் இறங்கிவிட்டது என்கிறார்கள். சரி, 2022 செப்டெம்பரில் கிட்டத்தட்ட 70 வீதத்தில் நின்றது அடுத்த வருஷமே ஒற்றை இலக்கத்துக்கு வந்தது உண்மைதான். ஆனால் அது கொழும்பு விலைகளை வைத்துப் போட்ட கணக்கு. யாழ்ப்பாணத்தில் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல ஏதாவது வழி இருக்கிறதா? அமெரிக்க மத்திய வங்கித் தலைவராக இருந்த அலன் கிரீன்ஸ்பான் ஆண்களின் உள்ளாடை விற்பனையைக் கவனிப்பாராம், வெளியில் தெரியாத செலவைத்தான் மனிதன் முதலில் தள்ளிப்போடுவான் என்று. அதற்காக ஒழுங்கை ஒழுங்கையாகப் போய்க் கொடியில் காய்வதை எண்ண முடியாது. நான் பார்ப்பது இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் எழும்புகிற மாடிகள், கஸ்தூரியார் வீதி நகைக்கடைக் கூட்டம், கல்யாண மண்டபங்கள். இவற்றை நம்பினால் நாங்கள் சிங்கப்பூர். ஆனால் கடை வைத்திருக்கிற ஒருவர் முகத்திலும் சிரிப்பைக் காணவில்லை.

பலசரக்கு:
தம்பி, நீங்கள் பார்ப்பது கனடாவின் பொருளாதாரம். மாடி எழும்பினால் ரொறன்ரோவில் ஒருவருக்கு ஓவர்ரைம் கிடைத்திருக்கிறது என்று அர்த்தம், சுன்னாகத்தில் வெங்காயம் நல்ல விலைக்குப் போனது என்று அல்ல. 2022 இல் டொலர் 200 ரூபாவில் இருந்து சில மாதத்தில் 360 ஐத் தாண்டியபோது, வெளியில் இருந்து காசு வருகிற வீட்டுக்கு அதே நூறு டொலர் கொஞ்சம் தாக்குப்பிடித்தது, பக்கத்து வீட்டுச் சம்பளக்காரர்தான் நசிந்தார்.

நான் பார்ப்பது கடன் கொப்பி. கடன் கூடுவதே கெட்ட குறி என்று நினைக்காதீர்கள், நம்பிக்கை உள்ளபோதும் ஆட்கள் கடன் எழுதுவார்கள். சம்பளம் வந்த கையோடு முழுக்கணக்கையும் வெட்டுகிறவர், பாதியைக் கட்டிவிட்டு மீதியை அடுத்த மாதத்துக்குத் தள்ளத் தொடங்கினால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். அப்புறம் பைக்கற். பெரிய ஷாம்பு போத்தல் தூசி பிடிக்கும், சின்னப் பைக்கற் பறக்கும். 400 கிராம் பால்மாவை எடுத்துப் பார்த்து, விலையை வாசித்து, திருப்பி வைத்துவிட்டு சின்னதைக் கேட்பார்கள். சின்னப் பைக்கற்றில் கிராமுக்குக் கணக்குப் பார்த்தால் விலை கூட என்று அவர்களுக்கும் தெரியும். கையில் இருப்பது அவ்வளவுதான்.

இன்னொன்று, நல்லூர்த் திருவிழாக் காலத்தில் எதையும் அளக்க வேண்டாம். வந்தவர்கள் எல்லாம் விமானம் ஏறின பிறகு, புரட்டாதியில் பாருங்கள்.

சாந்தகப்பை:
நான் மேசன் வேலை. கனடாக் காசோ லண்டன் காசோ, என் கைக்கு வந்தால் அது யாழ்ப்பாணக் காசுதான் அண்ணை. உங்கள் கொப்பியை வெட்டுவதும் அந்தக் காசுதானே. 2022 இல் சீமெந்துப் பை 3000 ரூபா வரைக்கும் போனபோது வெளிநாட்டுக்காரரும் கையை இழுத்துக்கொண்டார்கள். வங்கியில் போட்டாலே 20 வீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தால் எவன் வீடு கட்டக் கல் அரிவான்? எங்களுக்குத்தான் அடுப்பு எரியவில்லை.

என் கணக்குச் சுலபம். ஒரு மேசனை மதில் பூசக் கூப்பிட்டுப் பாருங்கள். வேலை நிறைய இருந்தால் "அடுத்த மாதம் பார்ப்பம்" என்பான். வேலை இல்லாவிட்டால் கோழிக்கூட்டுக்கும் அன்றைக்கே வந்து நிற்பான்.

பண்ணைக்காற்று:
வங்கியில் நகை அடைவு வைக்கிற வரிசை நீண்டால் சனம் கஷ்டத்தில் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பாதிதான் சரி. வெங்காயம், புகையிலை செய்கிறவர்கள் நடுகைக்கு நகையை வைத்து அறுவடையில் மீட்பது அப்பு காலத்து வழக்கம், அது அவர்களுக்குத் தொழில் முதல். தங்கம் ஏறினாலும் வரிசை நீளும். 2025 ஒக்டோபரில் உலகச் சந்தையில் அவுன்ஸ் 4000 டொலரைத் தாண்டியது, அப்படி ஏறும்போது பழைய அடைவை மீட்டு, அதே சங்கிலியைத் திரும்ப வைத்தால் கையில் மேலதிகக் காசு. ஆகவே வைப்பதை விடுங்கள், மீட்கிறார்களா என்று பாருங்கள். பத்திரிகையில் அடைவு நகை ஏல அறிவித்தல் நீண்டுகொண்டு போனால் அதுதான் உண்மையான கெட்ட செய்தி.

புது மோட்டார் சைக்கிளையும் நம்ப வேண்டாம். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தது, அடக்கி வைத்த ஆசை வெளியில் வருகிறது, அதிலும் பாதி லீசிங். மீன் விலையும் அப்படித்தான். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 க்குப் போனது, சின்னப் படகுகள் ஓடுவது அதில். பாசையூரில் மீன் விலை ஏறினால் சனத்திடம் காசு கூடிவிட்டது என்று எடுக்க முடியுமா? இந்திய இழுவைப் படகு வலையை அறுத்துக்கொண்டு போன அடுத்த நாளும் விலை ஏறும். நான் பார்ப்பது விலையை அல்ல, மத்தியானம் தாண்டியும் மீன்காரர் பெட்டியில் மீனோடு சுற்றுகிறாரா என்பதை.

கொக்குவில்வாசி:
மேசன் அண்ணை, எங்கள் பின்மதில் மழைக்கு விழுந்து கிடக்கிறது. எப்போது வருவீர்கள்?

சாந்தகப்பை:
கல் இருக்கிறதா, இனித்தான் எடுக்க வேண்டுமா? பொங்கலுக்கு முன்னம் கஷ்டம். வேலை தலைக்கு மேல் என்று நினைக்க வேண்டாம், கையாளாக நின்ற பெடியன் இத்தாலிக்குப் போய்விட்டான், வேறு ஆள் கிடைக்கவில்லை.