உறைந்த ஏரியில் விமானம் இறக்குவது திறமையா, வெட்டி வீரமா?

ஒயிட்ஃபீல்டு வாசு:
அமெரிக்காவில் ஆல்டன் பே என்ற இடத்தில், உறைந்த ஏரிமேல் செஸ்னா என்ற குட்டி விமானங்கள் வரிசையாக இறங்கும் வீடியோவை இங்கே பெங்களூரு நண்பர்கள் சிலாகித்துப் பகிர்கிறார்கள். எனக்குப் புரியவில்லை. தார் ஓடுதளத்துக்குப் பஞ்சமில்லாத நாட்டில், ஒரு டன் எடையைத் தண்ணீர்மேல் கொண்டுபோய் ஏன் வைக்க வேண்டும்? வேடிக்கை காட்டத்தானே?

ஜக்கூர் பறவை:
வாசு சார், ஏதோ குடித்துவிட்டு இறக்குவது மாதிரி பேசுகிறீர்கள். அது அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ அங்கீகரித்த ஓடுதளம். ஏரிமேல் பனிக்கட்டி குறைந்தது 12 அங்குலம் இருந்தால்தான் திறப்பார்கள். 2024 குளிர்காலத்தில் போதிய கட்டி பிடிக்கவில்லை என்று திறக்கவே இல்லை.

கணக்கும் இருக்கிறது. கனடாவின் பனிக்கட்டி ஆய்வாளர் லோர்ன் கோல்டு 1971-இல் தந்த சூத்திரப்படி, கட்டியின் தடிமனை செ.மீ.யில் எடுத்து வர்க்கப்படுத்தி 3.5-ஆல் பெருக்கினால் தாங்கும் எடை கிலோவில் வரும். 30 செ.மீ.க்கு 3,150 கிலோ. செஸ்னா 172 முழுச் சுமையோடு சுமார் 1,100 கிலோதான். ஹெப்பாள் மேம்பாலத்தில் ஸ்கூட்டர் ஓட்டுவது இதைவிட ஆபத்து.

எச்ஏஎல் ஓய்வு:
தம்பி, உங்கள் சூத்திரம் நல்ல தெளிவான கட்டிக்கு. விழுந்த பனி நனைந்து உறைந்த வெள்ளைக் கட்டிக்குப் பாதி பலம்தான் போடுவார்கள். மேலே பனி கனமாக மூடிவிட்டால் குளிர் உள்ளே இறங்காது, கட்டி தடிப்பதும் குறைந்துவிடும். ஓடை வந்து சேரும் வாய், ஊற்றுக்கண் பக்கமெல்லாம் மெலிவாகவே இருக்கும். ஓரிடத்தில் துளை போட்டு அளந்துவிட்டு ஏரி முழுக்க அதே தடிமன் என்று நம்ப முடியுமா?

எடை நகரும்போது கட்டியோடு சேர்ந்து அடியில் தண்ணீரிலும் அலை ஓடும். அதன் வேகமும் சக்கரத்தின் வேகமும் ஒத்துப்போனால், நின்ற எடையைத் தாங்கிய கட்டிகூட உடையலாம். இரண்டாம் உலகப்போரில் ரஷ்யாவின் லெனின்கிராடு முற்றுகையின்போது லடோகா ஏரிமேல் லாரி ஓட்டியவர்கள் இதை அனுபவத்தில் கற்றார்கள்.

இறங்கியபின் நிறுத்திவைப்பது தனித் தொல்லை. நின்ற இடத்தில் கட்டி மெல்லத் தொய்யும், விரிசல் வழியாகத் தண்ணீர் மேலேறும். சக்கரத்துக்குப் பதில் ஸ்கீ என்ற சறுக்குப் பலகை மாட்டிய விமானமென்றால் ஸ்கீயே ஏரியோடு ஒட்டி உறைந்துவிடும். அடியில் பலகையோ மரக்கிளையோ போட்டு நிறுத்துவது அதனால்தான்.

ஒயிட்ஃபீல்டு வாசு:
ஆக, நான் சொன்னதுதான் சரி.

எச்ஏஎல் ஓய்வு:
அவசரப்படாதீர்கள், நான் உங்கள் கட்சியும் இல்லை. வட கனடாவில் சாலையே இல்லாத ஊர்களுக்குக் குளிர்காலத்தில் ஏரியே விமானத்தளம். அதை வேடிக்கை என்பீர்களா? அண்டார்டிகாவில் நம் மைத்ரி ஆய்வு நிலையத்துக்குப் போகிறவர்களும் நோவோ ஓடுதளத்தில்தான் இறங்குகிறார்கள். அது ஏரி இல்லை, நிலத்தின்மேல் கிடக்கும் பனிப்பாளம். ஆனாலும் ஐஎல்-76 மாதிரி பெரிய விமானமே வந்து இறங்குகிறது.

எலகங்கா மாலதி:
கட்டி உடைவதைப் பற்றியே பேசுகிறீர்கள். வழுக்குவது? வெறும் கட்டியில் பிரேக் பிடிக்காது. குறுக்குக்காற்று அடித்தால் மூக்கு காற்றுப் பக்கம் திரும்பும், உடம்பு வேறு பக்கம் சறுக்கும். கிளம்புமுன் பிரேக்கைப் பிடித்து எஞ்சினைச் சோதிக்கவும் வழியில்லை. சுழலும் புரொப்பெல்லர் பக்கத்தில் ஒருவர் வழுக்கி விழுந்தால் என்ன ஆகும்? எனக்கு அதுதான் பெரிய பயம்.

ஜக்கூர் பறவை:
அதற்குத்தானே பயிற்சி, மேடம்? நீளமான தளம், குறைந்த வேகம், காற்று அதிகமென்றால் திரும்பிப் போவது. சரி, நம் நாட்டுக்கு வருவோம். 2023 பிப்ரவரியில் லடாக்கில் உறைந்த பாங்காங் ஏரிமேல் 21 கி.மீ. மராத்தான் ஓடினார்கள். அங்கே ஏன் முயலக் கூடாது?

எச்ஏஎல் ஓய்வு:
பாங்காங் சுமார் 13,900 அடி உயரம். செஸ்னா 172எஸ் ஏறக்கூடிய உச்சவரம்பே 14,000 அடி. அங்கே இறக்கினால் லாரியில்தான் திரும்பி வரும். ஏரித் தண்ணீர் வேறு உப்பு. உப்புநீர்க் கட்டி நன்னீர்க் கட்டி அளவுக்குத் தாங்காது.

ஜக்கூர் பறவை:
டர்பைனால் புரொப்பெல்லரைச் சுழற்றும் டர்போப்ராப் எஞ்சின் போட்டால்?

எலகங்கா மாலதி:
எழும்பும். ஏரியைக் குறுக்கே வெட்டிப் போகும் சீன எல்லைக்கோட்டுக்கு எந்த எஞ்சின் போடுவீர்கள்?